மச்சினனின் பதினொரு தட்டுகள்

ஒரு பிளாஸ்டிக் தட்டை எறிந்து, அது விழுந்த இடத்துக்கு நடந்து போய், அதை எடுத்து மறுபடியும் எறிவதற்குப் பெயர் விளையாட்டாம். என் மனைவியின் தம்பி பின்லாந்தில் ஐந்து வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது கொண்டுவந்த சொத்து இதுதான். வெளிநாட்டிலிருந்து வருகிறவன் சென்ட் பாட்டில் கொண்டுவருவான், செல்போன் கொண்டுவருவான், போனால் போகிறதென்று ஒரு டின் பாதாம் பருப்பாவது கொண்டுவருவான். இவன் ஒரு பை நிறையத் தட்டு கொண்டுவந்தான். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. சோறு தின்கிற தட்டாக இருந்தாலும் ஒரு பந்திக்குக்கூடக் காணாது.

"இதுக்குப் பேரு டிஸ்க் கோல்ஃப் மச்சான்" என்றான்.

"கோல்ஃபா? குச்சி எங்கன? குழி எங்கன?"

"குச்சி கெடையாது, கையாலதான் எறியணும். குழிக்குப் பதிலா சங்கிலி தொங்குற கூடை. எத்தன எறியில கூடைக்குள்ள போடுறோம்ங்கிறதுதான் ஆட்டம். கொறைய எறிஞ்சவன் ஜெயிச்சான்."

"கொறைய எறிஞ்சாத்தான் ஜெயிப்பானா? அப்ப எறியாம வீட்டுல இருக்கவன்தான்டா சாம்பியன்!"

என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு அவள் என் கட்சி. அவனும் சேர்ந்து சிரித்தான். அதுதான் அவனிடம் எனக்கு ஆகாத விஷயம். ஒரு குத்து குத்தினால் மனுசனுக்கு வலிக்க வேண்டும். இவன் பல்லைக் காட்டுவான்.

சுருளிப்பட்டி ரோட்டில் எனக்கு மூன்று ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல். அதை ஒட்டி மாமனாருடைய தென்னந்தோப்பு. மாமனார் போன பிறகு தோப்பு மச்சினனுக்கு வந்தது. அவன் பனியில் உட்கார்ந்து பொட்டி தட்டிக்கொண்டிருந்த காலமெல்லாம் அதற்குத் தண்ணீர் பாய்ச்சியது நான், மட்டை பொறுக்கியது நான், காய் வெட்ட ஆள் தேடி அலைந்தது நான். நன்றி சொன்னான், இல்லை என்று சொல்லவில்லை. நன்றியோடு சேர்த்து இன்னொன்றும் சொன்னான். தோப்புக்குள் ஒன்பது இடத்தில் கூடை நட்டு, தேக்கடிக்கு வருகிற சுற்றுலாக்காரர்களை இங்கே கூட்டிவந்து தட்டு எறிய விடப் போகிறானாம்.

சென்னையில் ஒரு கம்பெனி அவனுக்கு வேலை கொடுத்திருந்தது. அடுத்த மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். தேக்கடியில் ஒரு பெரிய ஓட்டலின் மேனேஜர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து தோப்பையும் ஆட்டத்தையும் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் சரி என்றால் இவன் சென்னைக்கு வரமாட்டேன் என்று எழுதிவிட்டு இங்கேயே இருந்துவிடுவான். அவர் இல்லை என்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். "என்னால இனிமே எங்கயும் போக முடியாதுக்கா, இங்கனயே இருந்துர்றேன்" என்று அக்காவிடம் சொன்னான். முப்பத்து மூன்று வயது ஆண்பிள்ளை, தட்டு எறிவதற்காகக் கண் கலங்குகிறான். எனக்குக் காறித் துப்பலாம் போல இருந்தது.

கூடை செய்ய கம்பத்தில் ஒரு லேத் பட்டறைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். ஒரு இரும்புக் குழாய், மேலே பழைய சைக்கிள் ரிம், ரிம்மைச் சுற்றிலும் மாட்டுச் சங்கிலி, கீழே கம்பி வளையத்தில் ஒரு கூடை. தட்டு பறந்து வந்து சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழ வேண்டுமாம். பட்டறைக்காரர் வெல்டிங் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணே, இதுல மாட்ட எங்க கட்டுறது?" என்றார். பட்டறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மச்சினன் அவர்களுக்கும் நின்று நிதானமாக ஆட்டத்தை விளக்கினான். நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

பிறகு பாடம் ஆரம்பித்தது. நான் கேட்கவில்லை, அவனாகவே ஆரம்பித்தான். சாயங்காலம் பந்தல் வேலை முடிந்து தோப்பு வழியாக வருவேன். பிடித்துக்கொள்வான்.

"தட்டுல மூணு வகை மச்சான். இந்தா, ஓரம் மழுங்கலா, கட்டையா இருக்கு பாருங்க, இது புட்டர். மெதுவாப் போகும், சொன்ன பேச்சு கேக்கும். கூடைக்குப் பக்கத்துல வந்துட்டா இதுதான். இது மிட்ரேஞ்ச், நடுத்தர தூரத்துக்கு. ஓரம் அகலமா, நுனி கத்தி கணக்கா இருக்கே, இது டிரைவர். ரொம்ப தூரம் போகும். ஆனா புதுசா எறியிறவுக இதத் தொடவே கூடாது."

"டிரைவர் வேணும்னா கம்பம் ஜீப் ஸ்டாண்டுக்குப் போ. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போறவுகள்லாம் அங்கனதான் நிக்கிறாக."

அதற்கும் சிரித்தான். ஒவ்வொரு தட்டின் முதுகிலும் நாலு எண் அச்சடித்திருந்தது. முதல் எண் வேகம், இரண்டாவது மிதப்பு, மூன்றாவது கிளம்பின வேகத்தில் எந்தப் பக்கம் சாயும், நாலாவது வேகம் குறைந்ததும் எந்தப் பக்கம் இறங்கும். எனக்கே ஒழுங்கான ஜாதகம் கிடையாது, பிளாஸ்டிக் தட்டுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்.

"நாலு விரலையும் உள்பக்கமா மடக்கி ஓரத்தப் பிடிங்க. கட்டவிரல் மேல. கூடைக்கு வலது தோள் தெரியிற மாதிரி பக்கவாட்டுல நில்லுங்க. தட்ட நெஞ்சுக்கு நேரா, நெஞ்சோட ஒட்டி இழுத்துட்டு வாங்க. முழங்கை முன்னால வரணும், கை பின்னால வரணும். மருந்தடிக்கிற மிஷினுக்குக் கயிறு இழுப்பீகள்ல? அதே இழுப்புதான். பலம் கையில இல்ல மச்சான், இடுப்புல."

எறிந்தேன். தட்டு மேலே ஏறி, வானத்தில் நின்று யோசித்துவிட்டு, இடது பக்கமாகச் சறுக்கி வாய்க்காலில் விழுந்தது.

"மூக்கு தூக்கிருச்சு. முன்பக்கம் மேல பாத்துச்சுன்னா ஏறி நின்னு விழுந்துரும். மட்டமா விடணும். அதோட கை ஆடுது மச்சான். விடுறப்ப கை ஆடுனா தட்டும் ஆடும்."

கை ஆடுகிறதாம். பதினைந்து வயதிலிருந்து கவாத்துக் கத்தரி பிடித்த கை. ஒரு கொடியில் எந்தக் கண்ணுக்கு மேலே வெட்ட வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் கை. அதைப் பார்த்து, வாழ்நாளில் மண்வெட்டியைத் தொடாத ஒருவன், கை ஆடுகிறது என்கிறான். அடுத்த மூன்று வாரம் இதே பாட்டு. "ஆடுது மச்சான்." "இன்னும் கொஞ்சம் ஆடுது மச்சான்." "பரவால்ல, நேத்தைக்கு இன்னைக்கு கொறைஞ்சிருக்கு மச்சான்." எல்.கே.ஜி. பிள்ளைக்கு டீச்சர் சொல்வது போல அப்படியொரு பொறுமை.

ஒன்றை மட்டும் ஒழுங்காக என்னிடம் கேட்டான். எதிர்க்காற்றில் எறிந்தால் தட்டு தூக்கிக்கொண்டு புரண்டுவிடுமாம், பின்காற்றில் சீக்கிரம் தரையில் இறங்கிவிடுமாம். "இங்கன காத்து எப்ப அடங்கி இருக்கும் மச்சான்? நீங்கதான மருந்தடிக்கப் பாத்துப் பாத்து வச்சிருக்கீக" என்றான். காலையில் எட்டரை வரைக்கும் இலை அசையாது, அதற்குப் பிறகு மலைக்காற்று இறங்கிவிடும் என்று சொன்னேன். அதை நம்பித்தான் மேனேஜரை ஏழரைக்கு வரச் சொன்னான். இந்த ஊரில் யாரும் என் பேச்சை அப்படி வேதவாக்காக எடுத்துக்கொண்டதில்லை. அதற்காகவாவது எனக்கு மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை.

மேனேஜர் வருவதற்கு முந்தின புதன்கிழமை அவன் வெளியே போயிருந்த நேரம், மோட்டார் ரூமில் இருந்த பையைத் திறந்து, தொடக் கூடாது என்று சொன்ன டிரைவரையே எடுத்தேன். புட்டரில் ஆரம்பிக்க நான் என்ன பச்சைப்பிள்ளையா? தோளில் இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி ஒரு வீசு வீசினேன். பதினைந்தடி நேராகப் போனது. பிறகு மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தது போல வெடுக்கென்று இடது பக்கம் திரும்பி, நேராக என் பந்தலுக்குள் புகுந்து, பழுக்க நின்ற இரண்டு குலையை நறுக்கித் தள்ளிவிட்டு மண்ணில் செருகி நின்றது. சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. நறுக்கின குலையை அங்கேயே உட்கார்ந்து தின்றுவிட்டு, தட்டைத் துடைத்துப் பையில் வைத்தேன். தடயத்தைத் தின்கிற அளவுக்கு வந்துவிட்டது என் பிழைப்பு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் என் மூக்கு உடைந்தது. என் பந்தலில் பத்து வருடமாக வேலை பார்க்கிற ஒரு அம்மா உண்டு. கவாத்து, குலை சீவுவது, பெட்டி கட்டுவது எல்லாம் அந்த அம்மாதான். தலைச்சும்மாட்டோடு தோப்பு வழியாகப் போனவளை மச்சினன் நிறுத்தி, ஒரு புட்டரைக் கையில் கொடுத்தான். என் மனைவியும் டீத்தூக்கோடு நின்றிருந்தாள்.

"ஐயய்ய, எனக்கென்ன தெரியும் தம்பி" என்றாள் அந்த அம்மா. ஆனால் கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பி எடை பார்த்தாள். "நாத்துமுடி வீசுற மாதிரிதான?" என்றாள். நடவுக் காலத்தில் வரப்பில் நின்று, வயலுக்குள் நடுகிறவர்கள் கைக்கு எட்டுகிற இடமாகப் பார்த்து நாற்றுக் கட்டுகளை வீசுவார்கள். இடுப்பு உயரத்தில் பக்கவாட்டில் கையைக் கொண்டுபோய், மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி விடுவது. அதே வீச்சை வீசினாள். தட்டு ஒரு நடுக்கம் இல்லாமல் தரைக்கு மட்டமாகப் போய், மாட்டுச் சங்கிலி சலசலக்கக் கூடைக்குள் விழுந்தது.

"ஆத்தாடி!" என்று என் மனைவி கத்தினாள். மச்சினன் குதித்தான். "அக்கா, இதுக்குப் பேரு ஃபோர்ஹேண்ட்! இத எனக்குக் கத்துக்க ஒரு வருசம் ஆச்சு!"

"இதுல என்ன தம்பி இருக்கு, கை ஆடாம விட்டாப் போயிருது" என்றாள் அந்த அம்மா, வெகு சாதாரணமாக.

அடுத்து என் கையில் தட்டைத் திணித்தார்கள். மூன்று வாரம் பாடம் படித்தவன் நான். இடுப்பைத் திருப்பினேன், முழங்கையை முன்னால் கொண்டுவந்தேன், எல்லாம் செய்தேன். தட்டு உதறிக்கொண்டே போய்ப் பக்கத்துத் தென்னை மரத்தில் மோதி, உருண்டு, என் காலடிக்கே திரும்பி வந்தது. என் மனைவிக்கு டீத்தூக்கைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று, அப்படிச் சிரிப்பு.

"ஏங்க, நீங்க எறியாம வீட்டுலயே இருங்க. நீங்கதான் சாம்பியன்!"

நான் சொன்ன வார்த்தை, எனக்கே திரும்பி வந்தது. நானும் சிரித்து வைத்தேன். மானம் போயிற்று. கூலிக்கு வேலை பார்க்கிற பொம்பளைக்கு முன்னால், கட்டிய மனைவிக்கு முன்னால். இதை எழுதும்போது எனக்கே அருவருப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அன்றைக்கு நினைத்ததைத்தான் எழுத முடியும்.

மறுநாள் சனிக்கிழமை. மச்சினன் பேனர் அடிக்கத் தேனிக்குப் போய்விட்டான், திரும்ப ராத்திரி ஆகும். பந்தலில் மைனாவும் கொண்டைக்குருவியும் பழத்தைக் கொத்திக் குதறிக்கொண்டிருந்தன. முன்பெல்லாம் பழைய சிடியை நூலில் கட்டித் தொங்கவிடுவோம். வெயில் பட்டுப் பளபளத்துச் சுற்றும்போது பறவை கிட்டே வராது. இப்போது யார் வீட்டில் சிடி இருக்கிறது? கடையில் விற்கிற மினுமினுப்பு ரிப்பனை மலைக்காற்று இரண்டு நாளில் பிய்த்துவிடுகிறது. அந்த அம்மா மோட்டார் ரூமிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, தம்பியோட தட்டு நல்லா மினுமினுன்னு இருக்கு. எறியாத நேரம் பந்தல்ல தொங்கவிட்டுக்கிரலாமா? எப்படிக் கட்டுறதுன்னுதான் தெரியல."

அவள் கேட்டது வெள்ளந்தியாகக் கேட்டது. நாளைக்கு ஓட்டல்காரர் வருகிறார் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வேண்டாம் தாயி, அது அவனுக்கு வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. நான் டிரில்லிங் மிஷினை எடுத்துப் பிளக்கில் சொருகினேன்.

ஒரு தட்டுக்கு ஒரு ஓட்டை. ஓரத்துக்கு ஒரு விரற்கடை உள்ளே தள்ளி, பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டு போட்டேன். வெள்ளை, ஆரஞ்சு, பச்சை என்று பிளாஸ்டிக் சுருள் சுருளாக வந்து காலடியில் விழுந்தது. ஓட்டை இருந்தால் பறக்காமலா போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் வேறு தட்டு வைத்திருப்பான் என்றும் சொல்லிக்கொண்டேன். வைத்திருக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆர்டர் போட்டால் வந்து சேர மூன்று வாரம் ஆகும் என்று அவனே சொல்லியிருந்தான். பதினொன்றுக்கும் போட்டு முடித்து, அவளிடம் கொடுத்தேன். அவள் நைலான் கயிற்றில் அழகாகக் கட்டித் தொங்கவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்குக் காரில் மேனேஜர் வந்தார், கூடவே பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று. இலை அசையவில்லை. நான் சொன்ன காற்று சொன்னபடி அடங்கியிருந்தது. மச்சினன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மோட்டார் ரூமுக்குள் போனான். காலிப் பையோடு வெளியே வந்தான். பிறகு பந்தல் பக்கம் திரும்பினான். பதினொரு தட்டும் காலை வெயிலில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அந்தப் பிள்ளை கைதட்டிச் சிரித்தது.

அந்த அம்மா குலை சீவிக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஓடிவந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. என்னைப் பார்த்தாள். நான் ஒரு குலையைப் பிடித்து, அதில் புழு இருக்கிறதா என்று பார்த்தேன்.

"நாந்தான் தம்பி" என்றாள். "மைனா கொத்துதுன்னு யாருகிட்டயும் கேக்காமக் கட்டிப்புட்டேன். கூறு கெட்டவ நானு."

"பரவால்லக்கா" என்றான். "பழம் தப்பிச்சுச்சுல்ல, விடுங்க."

ஒன்றை அவிழ்த்து எறிந்தும் காட்டினான். தட்டு ஓட்டை வழியாக விசிலடித்துக்கொண்டே போனது. அவன் எறிந்த தட்டு ஆடிப் போனதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கூடையின் ரிம்மில் பட்டுத் தள்ளி விழுந்தது. இன்னொன்று, அதுவும் அப்படியே. மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "கொள்ளாம், கொள்ளாம். ஞான் விளிக்காம்" என்று, நன்றாயிருக்கிறது, கூப்பிடுகிறேன் என மலையாளத்தில் சொல்லிவிட்டு, போகும்போது என்னிடம் இரண்டு கிலோ பழம் வாங்கிக்கொண்டார். அவர் கூப்பிடவே இல்லை.

நாலே நாளில் மைனாவுக்குத் தட்டு பழகிவிட்டது. கயிற்றின் மேலேயே உட்கார்ந்து, தட்டின் மேல் எச்சமிட்டுவிட்டு, சாவகாசமாகப் பழத்தைக் கொத்தின. இதற்காகத்தான் நான் டிரில்லிங் மிஷினைத் தூக்கியது. அந்த அம்மா கூலியை வாங்கும்போது என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

பத்தாம் நாள் அவனைச் சென்னை பஸ் ஏற்றிவிட நான்தான் கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். என் மனைவி வரவில்லை. அழுதுகொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள். அவன் கையில் ஒரே ஒரு பெட்டி. தட்டுப் பையைக் காணோம்.

"தட்ட அவுத்துக் கொண்டாந்திருப்பேன்ல மாப்ள" என்றேன், சும்மா இருக்க முடியாமல்.

"கெடக்கட்டும் மச்சான். அங்க எனக்கு எதுக்கு?"

பஸ் உறுமிக்கொண்டு வந்து நின்றது. பெட்டியை மேலே வைத்துவிட்டு, படியில் ஒரு காலோடு திரும்பினான். முகத்தில் கோபம் இல்லை. பாடம் சொன்ன அதே குரல்.

"பதினொரு தட்டையும் பாத்தேன் மச்சான். எல்லாத்துலயும் ஓட்டை ஓரத்துலருந்து ஒரே அளவு, அத்தனையும் அச்சுல வார்த்த மாதிரி ரவுண்டா இருக்கு. அந்தக்கா கரண்டு மிஷினத் தொட மாட்டாகன்னு எனக்குத் தெரியும். கை ஆடுது, கை ஆடுதுன்னு மூணு வாரமா ஒங்களப் படுத்தி எடுத்துட்டேன். ஓட்டை போடுறப்ப ஆடவே இல்லையே மச்சான்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.